கோகிலவாணி வீட்டில் தங்கிவிட்ட செவ்வாய்க்கிழமை

கரட்டுப்பாளையம் மாரப்பன் வீதியில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சைக் கேட் போட்ட வீட்டுக்கு, ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லா வீட்டுக்கும் வந்த மாதிரிதான் வந்தது, ஆனால் மறுநாள் எல்லா வீட்டையும் விட்டுக் கிளம்பிப் போனபோது அந்த வீட்டை விட்டு மட்டும் போகவில்லை. உள்ளே வந்து, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த பாயைப் பார்த்து, சௌகரியமாகத் தங்கிவிட்டது. வீதி புதன்கிழமைக்குப் போனது, வியாழனுக்குப் போனது, வெள்ளிக்கிழமை வாசல் கழுவிக் கோலம் போட்டது, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தது, கேட்டுக்கு உள்ளே செவ்வாய். காலண்டரில் தாளைக் கிழித்தால் தேதி மட்டும் ஊரோடு சேர்ந்து நகர்ந்தது, கிழமை அசையவில்லை. வெள்ளிக்கிழமைப் பேப்பரைப் பையன் கேட்டுக்கு மேலே வீசினால் சினிமா இணைப்பு வழியிலேயே எங்கோ காணாமல் போய், உள்ளே விழுந்தது செவ்வாய்க்கிழமைப் பேப்பராகத்தான் விழுந்தது.

அது ஏன் வந்தது, ஏன் போகவில்லை என்று நாங்கள் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக் கோகிலவாணி பிளவுஸ் தைப்பவள். எந்தத் துணியை யார் எப்போது கொடுத்தாலும் "செவ்வாய்க்கெழமை வந்து வாங்கிக்கங்கக்கா" என்பாள், அந்தச் செவ்வாய் போனால் "வர்ற செவ்வாய் கண்டிப்பாங்க" என்பாள். வருஷக்கணக்காக ஒருத்தரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவர் ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கத்தான் செய்வார் என்று விட்டுவிட்டோம்.

கோகிலா கெட்டிக்காரி, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கல்யாணப் பெண்ணின் பிளவுஸில் மயில் வைத்துத் தைத்தால் மயில் பக்கத்தில் நிற்கிற ஆளை முறைத்துப் பார்க்கும். ஆனால் அந்த மயில் அவளைப் பிடித்துக்கொண்டால் சோறு தண்ணி கிடையாது, பிடிக்காவிட்டால் ஒரு கொக்கி வைக்க ஒரு மாதம் ஆகும். ஒரு கை வைத்த பிளவுஸ், கழுத்து மட்டும் வெட்டிய பிளவுஸ், எந்த வீட்டுடையது என்று அவளுக்கே தெரியாத பிளவுஸ் என்று வீடு முழுக்கத் தொங்கும். சாவியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தக்காளியைப் பீரோவில் பூட்டுவாள். தெருவில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து ஓடுவாள், பாதி வழியில் வேறு ஏதோ ஞாபகம் வந்து திரும்பி வருவாள், பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசனை எங்கள் எல்லோர் வீட்டுக்கும் வந்து சேரும். அவளும் சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அவள் என்ன நினைத்தாள் என்று எங்களுக்குத் தெரியாது.

செவ்வாய் வந்து தங்கிய பிறகு அந்த ஓட்டம் நின்றது. யாராவது கேட்டுக்கு வெளியே நின்று "இன்னிக்குள்ள குடுத்தே ஆகோணும்" என்று கத்தினால்தான் அவளுக்கு மிஷின் ஓடும். இப்போது யாரும் கத்த முடியவில்லை, ஏனென்றால் செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றாள், உள்ளே போய்ப் பார்த்தால் செவ்வாய்க்கிழமைதான், பொழுது இன்னும் இருக்கிறது. தாமதம் என்ற ஒன்றே அந்த வீட்டில் நடக்கச் சாத்தியம் இல்லாமல் போனது. கோகிலா முதலில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள், பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தலை வாரவில்லை, குளிப்பதற்கு எழுந்தால் குளியலறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பிவிடுவாள், அழலாமே என்றால் அழுவதற்குக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

வீதி என்ன செய்தது என்றால், செவ்வாய்க்கிழமையைப் பழகிக்கொண்டது.

முதலில் வந்தவர் ரோஜா சலூன் ஜெகநாதன். சலூன்காரருக்கு வாரத்தில் ஒரே லீவு, அது செவ்வாய். ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையில் நாற்காலி நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, ஒரு பிளவுஸ் விசாரிக்க வந்த மாதிரி கோகிலா வீட்டுக்குள் காலை வைத்தவர், உடம்பெல்லாம் லீவு பரவுவதை உணர்ந்து அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஃபேனுக்கு அடியில் தூங்கிவிட்டார். அதற்குப் பிறகு கத்திரி பிடித்துக் கை வலிக்கும்போதெல்லாம் வந்தார், எங்கள் வீதி ஆம்பளைகளுக்கெல்லாம் முடி காதை மூடி வளர்ந்தது. புதன்கிழமை கணக்குப் பரீட்சை இருந்த பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து கோகிலா வீட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டார்கள், அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போதே பரீட்சை வெளியே நடந்து முடிந்தது.

ஆனால் கூட்டம் கூடியது முருகனால்தான். எங்கள் பக்கத்தில் ஒன்பது செவ்வாய் விரதம் இருந்து விளக்குப் போட்டால் நினைத்தது நடக்கும், நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் மறுபடி முதலில் இருந்து. கோகிலா வீட்டு ஹாலில் ஆள் உயரத்துக்கு ஒரு முருகன் படம். இனி சொல்ல வேண்டுமா? எதிர்வீட்டு நாகமணியக்காதான் ஆரம்பித்து வைத்தாள். எந்த நாளில் நகம் வெட்டலாம், எந்த நாளில் உப்பு இரவல் தரக்கூடாது, எந்த நேரத்தில் தெற்கே போகக்கூடாது என்பதெல்லாம் வீதியில் அவள் வாயில் இருந்து வந்தால்தான் செல்லும். அவள் போய்க் கோயில் குருக்களிடமே கேட்டாள். குருக்கள், "கிழமை செவ்வாய்தானே, முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றார். அவ்வளவுதான், வாரம் ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்த விரதங்கள் எல்லாம் தினமும் ஒரு செவ்வாயாக ஓட ஆரம்பித்தன, பக்கத்து வீதிப் பெண்கள்கூடச் செம்பருத்தியும் நெய்யுமாக வந்தார்கள், ஹாலில் வரிசையாக விளக்கு எரிந்தது, அந்த வெளிச்சத்தில் ஒரு ஓரமாகக் கோகிலா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்களில் சிலர் அவள் காலைத் தாண்டித்தான் படத்துக்குப் போனோம்.

கோகிலாவின் வீட்டுக்காரர் சம்பத்குமார் அரசு பஸ் டிரைவர், அதிர்ந்து பேசாத மனுஷன். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. ஞாயிறு காலையில் கறி எடுத்து வருவார், அதை வீட்டுக்குள் கொண்டுபோனால் செவ்வாய்க்கிழமை ஆகிவிடும், செவ்வாய்க்கிழமை அந்த வீட்டில் கவுச்சி ஆகாது. எனவே கேட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டி, தானே குழம்பு வைத்து, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சாப்பிடுவார். உள்பக்கம் கோகிலா எலுமிச்சம்பழச் சாதத் தட்டோடு வந்து உட்காருவாள். நடுவில் ஒரு கம்பிக் கேட்தான், ஆனாலும் அவர்கள் இருவரும் வேறு வேறு நாளில் இருந்தார்கள். அவள் வெளியே வந்தாலும் பிரயோஜனம் இல்லை, செவ்வாய்க்கிழமை அவளோடேயே எழுந்து வந்துவிடும். ஒருமுறை அவள் ரோஜா சலூனைத் தாண்டிப் போனபோது பாதி ஷேவிங்கில் ஷட்டர் தானாக இறங்கிவிட்டது.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லு கோகி, நான் வாங்கிட்டு வர்றேன்" என்று சம்பத்குமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"நாளைக்கு வேணும் மாமா" என்றாள் அவள். "ஒரே ஒரு புதன்கெழமை வந்தாப் போதும். இப்படியே இருந்தா நான் இருக்க மாட்டேன்னு பயமா இருக்குது."

சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டார் சம்பத்குமார். அவர் கையில் இருந்தது எல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான், அதை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் விசாரித்தார். அரசு ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை தோறும் மனநல டாக்டர் வருகிறார் என்று தெரிந்தது. லீவு போட்டு வியாழக்கிழமை அழைத்துக்கொண்டு போனார். என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும், யாருக்கும் தோன்றவில்லை: கோகிலா வராந்தாவில் கால் வைத்ததும் ஆஸ்பத்திரி செவ்வாய்க்கிழமைக்குப் போய்விட்டது, மனநலப் பிரிவு பூட்டிக்கொண்டது, செவ்வாய்க்கிழமை உட்காருவது கண் டாக்டர். அவர் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, கோகிலாவுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்து அனுப்பினார். கண்ணாடி போட்ட பிறகு அவளுக்குச் சுவர் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அடுத்த வியாழக்கிழமை சம்பத்குமார் மட்டும் தனியாகப் போனார். டாக்டர் நஸ்ரின் என்று ஒரு அம்மா, எதற்கும் அசராத ஆள், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எத்தன நாளாக் கிழமை மாறல?" என்று ஜுரத்தை விசாரிப்பது போல விசாரித்தார். பிறகு, "வியாழக்கிழமை அவங்க இங்க வர முடியாது. சரி, செவ்வாய்க்கிழமை நான் எங்க இருப்பேன்னு யாராவது கேட்டீங்களா?" என்றார்.

சம்பத்குமார் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"செவ்வாய்க்கிழமை நான் சென்னிமங்கலம் ஆஸ்பத்திரியில. அவங்க எந்த நாள் கிளம்பி வந்தாலும் அவங்களுக்குச் செவ்வாய்தானே? வரச் சொல்லுங்க. நான் இருப்பேன்."

சென்னிமங்கலம் வண்டியைத்தான் சம்பத்குமார் தினமும் ஓட்டுகிறார், அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் டூட்டிக்குக் கிளம்பும்போது பாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னார்: "கோகி, பத்தரைக்கு வண்டி தொட்டிகிட்ட வரும். ஏற முடிஞ்சா ஏறு. முடியலைன்னா நாளைக்கும் அதே வண்டிதான், நானேதான் வருவேன்." அவள் தலையை ஆட்டினாள், சுவர்ப் பக்கமே திரும்பி இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நாகமணியக்கா நெய்க் கிண்ணத்தோடு வந்தாள். சேதி தெரிந்ததும் பதறிப்போனாள். "என்ன கண்ணு இது, செவ்வாய்க்கெழமையும் அதுவுமா யாராச்சும் புதுசா வைத்தியம் ஆரம்பிப்பாங்களா? மருந்து உடம்புல தங்குமா? கிழமை ஒண்ணு மாறட்டும், புதன் வரட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்." நாற்காலியில் படுத்திருந்த ஜெகநாதனும் கண்ணைத் திறக்காமல், "அக்கா சொல்றது சரிதான்" என்றார், அவருக்கு அவர் லீவைப் பற்றிய கவலை.

எங்கள் வீதியில் பிறந்து வளர்ந்த யாரும் இதையேதான் சொல்லியிருப்போம். புதுத் துணியில் கத்திரி வைக்கக் கூடாத நாளில் ஒரு மனுஷிக்கு மருந்து வைக்கலாமா? அதனால்தான் இத்தனை நாளும் அவளை எழுப்பி எங்கேயும் அழைத்துப்போகாமல், கிழமை மாறட்டும், மாறட்டும் என்று அக்கறையாகக் காத்துக்கொண்டிருந்தோம், மாறாத கிழமை மாறுவதற்கு.

கோகிலா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அக்கா, நீங்க எதுக்காக வெளக்குப் போடறீங்க?"

நாகமணியக்கா திரியைத் திரித்தாள், நெய்யைக் கொஞ்சம் சிந்தினாள். பிறகு குரல் உடைந்து, "உனக்காகத்தாண்டி" என்றாள். "நீ எந்திரிச்சு நடமாடோணும்னு. மொத வெரதம் முடிஞ்சும் நீ எந்திரிக்கல, இது ரெண்டாவது."

"அதை எந்தக் கெழமை ஆரம்பிச்சீங்க?"

கிழமைகளைப் பற்றி நாகமணியக்காவுக்குப் பதில் தெரியாமல் போனது அவள் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் இருக்க வேண்டும்.

"எனக்கு இருக்கறது இந்த ஒரு நாள்தாங்கக்கா. இதுல ஆரம்பிக்கக் கூடாதுன்னா நான் எதுல ஆரம்பிக்கிறது?" என்றாள் கோகிலா. சொல்லிவிட்டாளே தவிர எழ முடியவில்லை. எழ வேண்டும் என்பது தெரிகிறது, கால் கேட்கவில்லை, அவள் கண்ணில் இருந்து தண்ணீர் பாய்க்கு இறங்கியது, அவள் அழுது பார்த்து எவ்வளவோ நாள் ஆயிருந்தது.

நாகமணியக்கா நெய்க் கிண்ணத்தை முருகன் முன்னால் வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். "நீ எந்திரிக்க வேண்டாம் சாமி. உக்காரு, அது மட்டும் பண்ணு" என்றாள். கோகிலா உட்கார்ந்தாள். "நடக்க வேண்டாம். நான் முடியைச் சிக்கெடுக்கறேன், நீ அந்தச் சீப்பை மட்டும் எடுத்துக் குடு." சீப்பை எடுத்துக் கொடுத்தாள். "வெளிய போக வேண்டாம், மூஞ்சி மட்டும் கழுவு, நானும் கழுவறேன்." இருவரும் கழுவினார்கள். "பஸ் ஏற வேண்டாம், கேட்டு வரைக்கும் வா, வெயில் எப்படி அடிக்குதுன்னு பாத்துட்டு வந்துரலாம்." கேட் வரைக்கும் வந்தார்கள், தொட்டிப் பக்கம் பஸ் வந்துவிட்டது, நின்றது, கண்டக்டர் விசில் அடித்தார், கோகிலா ஒரு காலை வெளியே வைத்து அப்படியே நின்றுவிட்டாள். அப்போது உள்ளே இருந்து ஜெகநாதன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, நடு ரோட்டில் பஸ்ஸுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "இந்தப் புள்ள ஏறாம வண்டி நகரக் கூடாது!" சம்பத்குமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதைக்கு ஒரு ஹாரன் அடித்தார்.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு தேங்காய் வியாபாரி, வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகிறவர், இன்றைக்குச் சந்தையே இல்லையே என்று திடீரென்று தோன்றி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

டாக்டர் நஸ்ரின் சென்னிமங்கலத்தில் இருந்தார். அவசரப்படாமல் கேட்டார். பள்ளிக்கூடத்தில் எத்தனை குடை தொலைத்தாய், டீச்சர் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பாயா, வாசலில் ஆள் வந்து நின்றால்தான் வேலை ஓடுமா, பிடித்த வேலையில் விழுந்தால் பசி தெரியாதா என்று கேட்கக் கேட்க, இந்த அம்மா எந்த ஜன்னல் வழியாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று கோகிலாவுக்கு ஆச்சரியமாகிவிட்டது.

"ரெண்டு இருக்கு உங்களுக்கு" என்றார் டாக்டர். "கவனம் ஒரு எடத்துல நிக்காதது சின்ன வயசுல இருந்தே இருக்கு. மனச்சோர்வு பின்னாடி வந்து சேர்ந்திருக்கு. ரெண்டும் சேர்ந்து வர்றது சகஜம். ரெண்டுக்கும் வழி இருக்கு."

"அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா?"

"இல்லம்மா."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகத்தான் இத்தனை வருஷமும் இருந்தேன் போல என்று கோகிலா எங்களிடம் சொன்னாள். சின்ன வயதில் இருந்து அம்மா சொன்னது, டீச்சர் சொன்னது, பிளவுஸ் கேட்டு வந்து நாங்கள் சொன்னது எல்லாம் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலேயே கழன்று விழுந்ததாம்.

முதலில் சோர்வுக்கு மாத்திரை, கவனத்துக்கு என்ன செய்வது என்பதை அப்புறம் பார்க்கலாம், பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும், நடுவில் வாய் உலரும், நிறுத்தக் கூடாது, அந்தப் பயம் வந்தால் எந்த நேரமானாலும் உடனே சொல்ல வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வேலை செய்யும்போது மேஜை மேல் ஒரே ஒரு துணி, மற்றதெல்லாம் கண்ணில் படாமல் பீரோவுக்குள். பக்கத்தில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் நல்லது, பேசக்கூட வேண்டாம்.

மாரப்பன் வீதியில் யாரையும் சும்மா உட்காரச் சொன்னால் வேண்டாம் என்றா சொல்வோம்? முறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நாகமணியக்கா பூக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதினார்கள், ஜெகநாதன் கண்ணை மூடியபடி தன் பங்குக்கு உட்கார்ந்தார். மாத்திரை விஷயத்தை நாகமணியக்கா தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதையும் ஒரு விரதமாக அறிவித்துவிட்டாள்: நடுவில் ஒரு நாள் விடக் கூடாது, சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், போட்டாயா என்று கேட்பது கேட்கிறவருக்கும் புண்ணியம். காலையில் காய்கறிக்காரர்கூட "மாத்திரை ஆச்சுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைத் தள்ளினார். அட்டையில் காலியான குழிகளைக் கோகிலா விரலால் தடவிப் பார்ப்பாள். இது நேற்றுப் போட்டது, இது அதற்கு முந்தின நாள் போட்டது. அந்த வீட்டில் நேற்று என்று ஒன்று இருந்ததற்கு அதுதான் முதல் சாட்சி.

ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். இப்போதும் சில வாரம் செவ்வாய்க்கிழமை வந்தால் புதன் வந்தும் எழுந்து போகாது, இரண்டு மூன்று நாள் இழுக்கும். அப்போதெல்லாம் கோகிலாவே கேட்டுக்கு வந்து, "அக்கா, இந்த வாரம் கொஞ்சம் தங்கிட்டுப் போகுமாட்ட இருக்குது" என்று சொல்லிவிடுவாள், யாராவது ஒருத்தர் பூக்கூடையோடு போய் உட்காருவோம், சம்பத்குமார் டாக்டருக்குப் போன் போடுவார், ஜெகநாதன் வெட்கமே இல்லாமல் நாற்காலியை எடுத்துக்கொண்டு ஓடுவார். சாவி இன்னும் ஃப்ரிட்ஜில்தான் கிடக்கிறது, இப்போது சாவியின் இடமே அதுதான் என்று முடிவு செய்து அங்கே ஒரு டப்பா வைத்துவிட்டாள். ஆனாலும் முதல் புதன்கிழமை எப்படி வந்தது என்று சொல்லாமல் இந்தக் கதையை முடிக்க முடியாது.

அது மார்கழி. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கோகிலா மேஜை மேல் ஒரே ஒரு ஊதா பிளவுஸை வைத்துக் கை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள், நாகமணியக்கா பக்கத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டை யாரோ ஆட்டினார்கள். மேற்கு வீதி எல்.ஐ.சி. ஏஜென்ட் வீட்டு அம்மா, அந்த அம்மாவுக்கு எங்கள் வீதிச் சங்கதி எதுவும் தெரியாது, வாய் நீளம்.

"ஏம்மா, உனக்கெல்லாம் வெக்கமா இல்லையா? நேத்து தர்றேன்னு சொன்னே. நேத்து செவ்வா போச்சு, இன்னிக்குப் புதன் வந்தாச்சு, கோயில்ல விசேஷம், நான் எதைப் போட்டுட்டுப் போறது?"

மிஷின் நின்றது. நாகமணியக்கா கையில் அவரைக்காய் அப்படியே இருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் வருகிறவர்கள் கேட்டைத் தாண்டி ஒரு அடி வைத்ததும் "ஓ, செவ்வாதானா" என்று குழம்பித் திரும்புவார்கள். இந்த அம்மா கேட்டைத் தாண்டி, செருப்போடு ஹாலுக்குள் வந்து, மேஜைக்கு முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, இன்னும் புதன்கிழமையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

கோகிலா எழுந்தாள். கண்ணாடி மூக்கில் இறங்கியிருந்தது. "என்ன சொன்னீங்க?"

"ம்? லேட்டுன்னு சொன்னேன். ஒரு நாள் லேட்டு!"

"இன்னொருக்கா சொல்லுங்க."

அந்த அம்மா நாகமணியக்காவைப் பார்த்தார், நாகமணியக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இது என்ன வீடு என்று பயந்துபோய்க் குரலை இறக்கி, "லேட்டாயிருச்சும்மா" என்றார்.

கோகிலா அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. "ஆமாங்கக்கா, லேட்டாயிருச்சு. மன்னிச்சுக்கங்க" என்றாள். "நாளைக்குத் தர்றேன்."